தினமும் ஓர் ஊர், தங்க வாடகை இல்லை: ஐரோப்பாவில் பங்க் குழுக்கள் சுற்றும் கணக்கு

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இப்படி வரும். ஐரோப்பாவைச் சுற்றி வந்த ஒரு சிறிய அமெரிக்க பங்க் (வேகமும் கலகமும் கொண்ட ராக் இசை) குழுவின் நினைவுக் குறிப்புகளைப் படித்திருக்கிறீர்கள். பல வாரம் கிட்டத்தட்ட தினமும் ஒரு கச்சேரி. பின்னால் பெரிய கம்பெனி இல்லை, மேலாளர் இல்லை, ஓட்டல் செலவும் இல்லை. டிக்கெட் இன்றைய கணக்கில் ஐந்தாறு யூரோ, கூட்டம் அறுபது பேர். "இது எப்படிக் கட்டுப்படியாகும்? எழுதியவர்கள் கூட்டிச் சொல்கிறார்களா?" என்கிறீர்கள். உள்ளே இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பணக் கணக்கு எப்படிச் சரியாகிறது என்பது ஒன்று. அந்த நினைவுகளில் எதை நம்பலாம் என்பது மற்றொன்று. இந்த அளவுள்ள குழுக்களுக்கு வேன் ஓட்டுவதும் மேடையில் ஒலி பார்ப்பதும் என் தொழில் என்பதால் பணம், வண்டி, மின்சாரம் மூன்றையும் உறுதியாகச் சொல்ல முடியும். விசாவிலும் வரியிலும் பொது விதியை மட்டுமே சொல்கிறேன். ஒவ்வொருவர் விஷயத்திலும் அது எப்படிப் பொருந்தும் என்பதைத் தூதரகத்திலும் கணக்காளரிடமும்தான் கேட்க வேண்டும்.

முதலில் பணம். நால்வர் குழு, கூட வண்டி ஓட்டி ஒலியும் பார்க்கும் ஒருவர், ஆக ஐந்து பேர் என்று வையுங்கள். வேன் வாடகை நாளுக்கு 100 யூரோ. சுமையேற்றிய வேன் 100 கிலோமீட்டருக்குச் சுமார் 11 லிட்டர் டீசல் குடிக்கும். நாளுக்கு 250 கிலோமீட்டர் ஓடினால் 27.5 லிட்டர். லிட்டர் 1.65 என்றால் 45 யூரோ. சுங்கச் சாலைக்குச் சராசரி 10, கிட்டார் தந்தி, டிரம் குச்சி போன்றவற்றுக்கு 10, மதியச் சாப்பாட்டுக்கும் காபிக்கும் தலைக்கு 8 வீதம் 40. மொத்தம் 205. கச்சேரி இல்லாத நாளிலும் இந்தச் செலவு நிற்காது. 28 நாளில் 25 கச்சேரி என்றால் மொத்தச் செலவு 5,740, அதாவது கச்சேரிக்கு 230 யூரோ. வரவுப் பக்கம், பெயர் தெரியாத குழுவுக்குச் சராசரியாக 150 யூரோ கிடைக்கும் என்று வைக்கலாம். மீதி டி-ஷர்ட்டிலும் இசைத்தட்டிலும் வர வேண்டும். 7 யூரோவுக்கு அச்சடித்த டி-ஷர்ட் 15க்குப் போனால் லாபம் 8. 10 யூரோ அடக்கமான எல்பி (பெரிய இசைத்தட்டு) 20க்குப் போனால் லாபம் 10. ஒரு ராத்திரிக்கு ஐந்து சட்டை, நாலு எல்பி விற்றால் 80. கையும் கணக்கும் சரியாகிவிடும். விமானக் கட்டணம் இதில் இல்லை. கடல் தாண்டி வரும் குழுக்கள் பெரும்பாலும் அதைச் சொந்தச் சேமிப்பிலிருந்தே போடுகின்றன.

இந்தக் கணக்கில் இரண்டு வரிகள் விட்டுப்போயிருப்பதைக் கவனித்தீர்களா? ராத்திரிச் சாப்பாடும் படுக்கையும். ஐந்து பேருக்கு மலிவான ஓட்டலில் இரண்டு அறை 140, வெளியே சாப்பாடு 75 என்று போட்டுப் பாருங்கள். நாளுக்கு 215 கூடி, செலவு இரட்டிப்பாகும். முழுப் பயணமும் இரண்டாம் நாளே கவிழ்ந்துவிடும். ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு ஒரே வரியில் விடை: அழைத்த ஊர்க்காரர்கள் சமைத்துப் போட்டுப் படுக்க இடம் தருவதால்தான் இது ஓடுகிறது. நினைவுக் குறிப்புகளில் பாட்டுக்காரர்களின் பெயர் இருக்கும், அந்தப் பருப்பு சூப்பைக் காய்ச்சியவர் பெயர் இருக்காது. எனக்கு அது பெரிய குறையாகவே படுகிறது.

அந்த ஊர்க்காரர்கள் யார் என்றால், காலியாகக் கிடந்த கட்டடங்களில் குடியேறி, அவற்றைக் கூட்டாக நடத்துபவர்கள் பாதி. ஸ்குவாட் என்று சொல்வது இவற்றைத்தான். ஹாம்பர்கின் ரோட்டெ ஃப்ளோரா 1989இலிருந்து, பெர்லினின் கோப்பி 1990இலிருந்து, ரோமின் ஃபோர்ட்டெ பிரெனெஸ்தீனோ 1986இலிருந்து, லியுப்லியானாவில் பழைய ராணுவ முகாமில் அமைந்த மெட்டெல்கொவா 1993இலிருந்து நடக்கின்றன. மீதிப் பாதி இளைஞர் மையங்கள். ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, நெதர்லாந்தில் இப்படிப் பல இடங்களுக்கு நகராட்சி கட்டடமோ மானியமோ தருகிறது. அரசை எதிர்த்துப் பாடும் குழுவின் மேடைக்கு மின்கட்டணம் சில ஊர்களில் பொதுப் பணத்திலிருந்தே போகிறது, இதை மறைக்க வேண்டியதில்லை. சமையல், நுழைவாயில், மதுக்கடை, சுத்தம் எல்லாம் சம்பளமில்லா வேலை. ஜெர்மனியில் மக்கள் சமையலறை என்ற பொருளில் ஃபோக்ஸ்கூஷெ, சுருக்கமாக ஃபோக்யூ, என்று ஒரு வழக்கம் உண்டு. வாரத்தில் ஒரு நாளாவது பெரிய பானையில் சமைத்து, யார் வந்தாலும் சில்லறைக் காசுக்குப் போடுவார்கள். சாப்பாடு அநேகமாக முழுச் சைவம், பாலும் முட்டையும் கூடச் சேராது. படுக்கை என்பது மேடைக்கு மேல்மாடியில் அடுக்குக் கட்டில், இல்லாவிட்டால் யாராவது ஒருவர் வீட்டுத் தரை. தூக்கப் பையும் காதடைப்பானும் இல்லாமல் கிளம்பக் கூடாது.

இந்த வலை சுருங்கியும் வந்திருக்கிறது. கோபன்ஹேகனின் உங்டோம்ஸ்ஹூசெட் என்ற இளைஞர் மையத்தை 2007 மார்ச் 1 அன்று போலீஸ் காலி செய்தது, சில நாளில் இடித்தும் தள்ளினார்கள். மறு வருடம் வேறு கட்டடத்தில் அது மீண்டும் தொடங்கியது. நெதர்லாந்தில் 2010 அக்டோபர் 1 முதல் காலிக் கட்டடத்தில் குடியேறுவது குற்றம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குடியிருப்புக் கட்டடங்களுக்கு 2012 செப்டம்பர் முதல் அதே நிலை. அதனால் 1980களின் குறிப்பில் வரும் ஊர் வரிசையை அப்படியே இன்று போட முடியாது.

பயணத்தை ஐந்தாறு மாதம் முன்பே கட்டத் தொடங்குவார்கள். முதலில் வெள்ளி, சனிக்கிழமைகளை உறுதி செய்துவிட்டு, அவற்றுக்கு நடுவில் வார நாட்களை நிரப்புவது பலன் தரும் முறை. திங்களும் செவ்வாயும்தான் கஷ்டம். அவற்றைப் பெருநகரத்தில் போடுவதைவிட, வேறு பொழுதுபோக்கில்லாத சிறிய ஊரில் போட்டால் கூட்டம் வரும். ஒரு நாள் ஓட்டம் 400 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்தில் இந்த எல்லைக்குள் பத்து ஊர் கிடைக்கும். ஸ்பெயினில் கிடைக்காது, பார்சிலோனாவிலிருந்து பாரிஸ் மட்டும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். அழைப்பவருக்கு எழுதும் கடிதத்தில் தேதி, பாட்டைக் கேட்க ஓர் இணைப்பு, எத்தனை பேர், யார் எதைச் சாப்பிட மாட்டார்கள், எந்தக் கருவி இரவல் வேண்டும், குறைந்தபட்சம் எவ்வளவு வந்தால் பெட்ரோல் பங்கைத் தாண்ட முடியும் என்பவை இருந்தால் போதும். எழுத்து ஒப்பந்தம் அநேகமாக இருக்காது. கச்சேரி முடிந்து நள்ளிரவில் மதுக்கடை மேசையில் நுழைவுக் காசைக் கொட்டி, அழைத்தவரும் குழுவில் ஒருவரும் சேர்ந்து எண்ணுவார்கள். அந்த ஒருவர் பயணம் முழுக்க ஒரே ஆளாக இருக்க வேண்டும், அன்றன்றே நோட்டில் எழுத வேண்டும். இதைத் தவறவிட்ட குழுக்களில் மூன்றாம் வாரம் சண்டை வருவது அநேகமாக உறுதி.

ஜெர்மனியில் வெளிநாட்டுக் கலைஞருக்குக் கொடுக்கும் ஊதியத்தில் 15 சதவீத வரியும் அதன் மேல் ஒற்றுமைக் கூடுதல் வரியும் பிடிக்க வேண்டும் என்று சட்டம். ஆனால் ஒரு கலைஞருக்கு ஒரு நிகழ்ச்சிக்கு 250 யூரோ வரை பிடித்தம் இல்லை. இந்த அளவுக் குழுக்கள் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். பாடிய பாடல்களின் பட்டியலை கெமா என்ற உரிமைத்தொகை அமைப்புக்காக அழைத்தவர் கேட்பார், எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

வண்டியில் எல்லாரும் சறுக்குவது எடையில். சாதாரண கார் உரிமத்தில் ஓட்டக்கூடிய உச்சம் 3.5 டன், ஓட்டுநரோடு 9 இருக்கை. ஸ்ப்ரின்டர், டிரான்சிட் போன்ற நீள வேன் இருக்கைகளோடு வெறுமையாகவே 2.3 டன் வரும். மிச்சம் 1,200 கிலோ. இன்னொருவரும் சேர்ந்து ஆறு பேர் என்று வைத்தால் 480, பைகள் 90, நாலு ஸ்பீக்கர் வைத்த கிட்டார் கேபினெட் இரண்டு 80, எட்டு ஸ்பீக்கர் வைத்த பேஸ் கேபினெட் 65, மூன்று ஆம்ப் தலைகள் (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப்) 66, டிரம் செட்டும் அதன் இரும்புக் கால்களும் 75, பெட்டியோடு கிட்டார்கள் 40, 200 எல்பி 60, 150 சட்டை 30. கூட்டினால் 986. இதற்கு மேல் பலகை அடித்துக் கட்டில் போட்டு, வழியில் மதுப் பெட்டிகளும் ஏற்றினால் எல்லை தாண்டிவிடும். ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்தில் நெடுஞ்சாலையிலேயே எடை போடுவார்கள். அபராதம் கட்டியதோடு முடியாது, மிகைச் சுமையை இறக்கி வைத்தால்தான் வண்டி நகரும். அதனால்தான் கேபினெட்டையும் டிரம் உடலையும் ஊர்க்காரர்களிடம் இரவல் வாங்கி, ஆம்ப் தலை, டிரம்மில் ஸ்னேர், சிம்பல், கிக் பெடல் மட்டும் கொண்டுபோகும் வழக்கம் வந்தது. எல்பி பெட்டிகளைச் செங்குத்தாக, பின்பக்கம் நிழலில் வையுங்கள். ஜூலை வெயிலில் பூட்டிய வேனின் ஜன்னலோரம் இரண்டு மணி நேரம் இருந்தால் தட்டு வளைந்துவிடும், பிறகு அதை விற்க முடியாது. இரவில் பின்கதவு சுவரை ஒட்டி நிற்கும்படி வண்டியை நிறுத்த வேண்டும், கிட்டார்கள் உள்ளே வந்துவிட வேண்டும்.

சாலை வரி நாட்டுக்கு நாடு வேறு. சுவிட்சர்லாந்தில் 40 ஃபிராங்குக்கு, கண்ணாடியில் ஒட்டும் வருட ஒட்டி மட்டுமே. ஆஸ்திரியா, செக், ஹங்கேரியில் குறுகிய கால ஒட்டி கிடைக்கும். ஸ்லொவேனியாவில் முன் அச்சுக்கு மேல் வண்டியின் உயரம் 1.30 மீட்டர் அல்லது அதற்கு மேல் இருந்தால் விலை அதிகமான பிரிவு, வேன்கள் அநேகமாக அதில் விழும். பிரான்ஸ், இத்தாலியில் வழிநெடுக வசூல். ஓட்டுநர் குடிக்காமல் இருப்பதில் பேரம் கிடையாது. செக், ஸ்லொவாக்கியா, ஹங்கேரியில் சட்ட வரம்பே பூஜ்யம். கச்சேரி முடிந்த கையோடு இரவில் அடுத்த ஊருக்குக் கிளம்புவதை நினைவுக் குறிப்புகள் வீரமாக எழுதும். எனக்கு அதில் உடன்பாடில்லை. களைத்த ஓட்டுநர், பின்னால் தூங்கும் நால்வர், கட்டாத கேபினெட் மூன்றும் சேர்ந்தால் சின்ன விபத்தும் உயிரை எடுக்கும்.

மின்சாரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கருவி சாவது இங்கேதான். அமெரிக்காவில் 120 வோல்ட், ஐரோப்பாவில் 230. பிளக்கின் வடிவத்தை மட்டும் மாற்றும் அடாப்டர் வோல்டேஜை மாற்றாது. 120 வோல்ட் ஆம்பை அப்படியே செருகினால் ஃபியூஸ் போகும், அதிர்ஷ்டம் இல்லாவிட்டால் டிரான்ஸ்ஃபார்மரும் போகும். 100 வாட் வால்வு ஆம்ப் சுவரிலிருந்து இழுப்பது 100 வாட்டைவிடப் பல மடங்கு. அதற்கு 750 முதல் 1,000 விஏ (வோல்ட்-ஆம்பியர்) வரையுள்ள, வோல்டேஜைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அது நல்ல கனமாக இருக்கும் என்பதால் ஐரோப்பிய ஆம்பை இரவல் வாங்குவதே புத்திசாலித்தனம். பின்னால் வோல்டேஜ் மாற்றும் வசதி உள்ள ஆம்ப் என்றால், 230க்கு மாற்றும்போது மெயின் ஃபியூஸின் ஆம்பியரையும் ஏறத்தாழ பாதியாக்க வேண்டும். மெதுவாக உருகும் வகைதான் போட வேண்டும். கிட்டார் ஒலியை மாற்றும் பெடல்களின் சிறு அடாப்டரில் 100–240 என்று அச்சிட்டிருந்தால் பயமில்லை, 120 மட்டும் என்றால் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பிளக்கில் ஜெர்மன் வகையும் பிரெஞ்சு வகையும் ஒரே கலப்பு பிளக்கில் அடங்கும். சுவிட்சர்லாந்து, இத்தாலி, டென்மார்க், பிரிட்டன் நான்குக்கும் தனித்தனி. ஆறு துளை உள்ள நீட்டிப்புப் பலகை ஒன்றை எடுத்து, அதன் ஒரு பிளக்குக்கு மட்டும் அடாப்டர் போட்டால் போதும்.

இரவல் கேபினெட்டில் ஓம் எண்ணைப் பார்க்காமல் செருகாதீர்கள். வால்வு ஆம்பின் பின்னால் உள்ள ஓம் தேர்வும் கேபினெட்டின் ஓமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஸ்பீக்கர் இணைக்காமல் வால்வு ஆம்பை இயக்கவே கூடாது. இரண்டுக்கும் நடுவில் ஸ்பீக்கர் கேபிள்தான் போட வேண்டும். கிட்டார் கேபிளுக்கும் அதே பிளக் என்பதால் இருட்டில் மாற்றிப் போட்டுவிடுவார்கள். அதன் மெல்லிய கம்பி சூடாகி அறுந்தால் வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் எரியும்.

இதைவிட முக்கியம் உயிர். பழைய கட்டடத்தில் தாங்களே இழுத்த வயரிங்கில், மேடையின் ஒரு பக்க சாக்கெட்டுக்கு எர்த் இருக்கும், மறுபக்கத்துக்கு இருக்காது. கிட்டாரைத் தொட்டபடி மைக்கில் உதடு பட்டால் அந்த வித்தியாசம் முழுக்கப் பாடுபவர் உடம்பு வழியாகப் போகும். சோதனை எளிது. மல்டிமீட்டரை ஏசி வோல்டில் வையுங்கள். ஒரு முனையைக் கிட்டாரின் தந்தியிலும் மறுமுனையை மைக்கின் வலைத் தலையிலும் வையுங்கள். ஒன்றிரண்டு வோல்ட் காட்டினால் தொடரலாம். முப்பது, நாற்பது என்று ஏறினால் யாரும் எதையும் தொடக் கூடாது, முதலில் மேடை முழுவதையும் எர்த் உள்ள ஒரே சாக்கெட்டுக்குக் கொண்டுவர வேண்டும். இரைச்சலைப் போக்குவதற்காக எர்த் முனையை டேப்பால் மூடுபவரை எங்கு கண்டாலும் தடுத்து நிறுத்துங்கள். அந்த இரைச்சலை டிஐ பெட்டியின் (கருவியை ஒலிக் கலவைக் கருவியோடு இணைக்கும் சிறு பெட்டி) எர்த் பிரிப்புப் பொத்தானிலேயே தீர்க்கலாம். 30 மில்லியாம்பியர் கசிவில் துண்டிக்கும் சிறு பாதுகாப்பு பிளக் ஒன்று கையோடு இருக்கட்டும். இருபது யூரோ அளவில் கிடைக்கிற பொருள் அது. என் கணிப்பில் வண்டியில் உள்ள எதையும்விட அதற்கு மதிப்பு அதிகம்.

எல்லைகளுக்கு வருவோம். ஷெங்கன் பகுதிக்குள் (ஒரே விசா செல்லும் ஐரோப்பிய நாடுகள்) எந்த 180 நாளிலும் 90 நாள்தான் இருக்கலாம். மேடையேறிச் சம்பாதிக்கத் தனி அனுமதி வேண்டுமா என்பதை ஒவ்வொரு நாடும் தன் சட்டப்படி முடிவு செய்கிறது, அழைப்பவர் அந்த நாட்டு விதியைக் கேட்டுச் சொல்ல வேண்டும். இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ ஒரு குழு போக முடியுமா என்றும் கேட்டிருந்தீர்கள். முடியும், ஆனால் விசா அந்தக் கணக்கில் கூடுதல் வரியாக ஏறும். அதிக நாள் தங்கும் நாட்டின் தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஆறு மாதத்துக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பயணத்துக்குப் பதினைந்து நாள் முன்பு என்பது கடைசி எல்லை, அதை நம்பி உட்காரக் கூடாது. பிரிட்டனுக்கு வேறு விசா. சுவிட்சர்லாந்து ஷெங்கனில் இருந்தாலும் ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க எல்லைக்கு வெளியே. விற்கும் சட்டைக்கும் தட்டுக்கும் எண்ணிக்கை, எடை, விலை எழுதிய பட்டியலைக் காட்டி 8.1 சதவீத வரி கட்டியே உள்ளே போக வேண்டும். சரக்குச் சுங்க அலுவலகம் இரவிலும் ஞாயிறிலும் அநேகமாக மூடியிருக்கும். அதனால் பலர் சரக்கில் பாதியை ஜெர்மன் பக்கமே தெரிந்தவர் வீட்டில் வைத்துவிட்டுப் போகிறார்கள்.

நினைவுகளை எவ்வளவு நம்பலாம்? உணவு, குளிர், கூட்டம், சண்டை பற்றி அவர்கள் எழுதுவது பொதுவாகச் சரியாகவே இருக்கும். தேதி, ஊர் வரிசை, கூட்டத்தின் எண்ணிக்கை மூன்றும்தான் குழம்பும். வெளிச் சான்றோடு ஒப்பிட வழி உண்டு. 1995 மார்ச் 26க்கு முன் ஜெர்மனி–பிரான்ஸ், ஜெர்மனி–நெதர்லாந்து எல்லைகளில்கூடச் சோதனை உண்டு. அதற்கு முந்தைய பயணத்தில் அந்த எல்லைகளில் காவலரையே காணவில்லை என்று யாராவது எழுதினால் சந்தேகப்படலாம். யூரோ நோட்டு கைக்கு வந்தது 2002 ஜனவரி 1. அதற்கு முன் மார்க், கில்டர், லிரா என்று ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு உறை வைத்திருந்தார்கள். பெர்லின் சுவர் இருந்த காலத்தில் மேற்கு பெர்லினுக்குக் கிழக்கு ஜெர்மனி வழியே ஓட்டியவர்கள் 100 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டவோ சாலையை விட்டு இறங்கவோ முடியாது. பிடிபட்டால் அபராதத்தை மேற்கு மார்க்கில் கேட்டார்கள். கிழக்கில் பங்க் குழுக்கள் தேவாலயங்களின் தயவில் வாசித்தது ஆதாரமுள்ள செய்தி. 1987 அக்டோபர் 17 அன்று கிழக்கு பெர்லினின் ஸியோன்ஸ்கிர்ஷெ தேவாலயக் கச்சேரிக்கு வந்தவர்களை நாஜி மொட்டைத் தலையர்கள் தாக்கியதும் பதிவாகியிருக்கிறது.

கச்சேரித் துண்டறிக்கை இருந்தால் அதைவிட நல்ல சாட்சி கிடையாது, ஆனால் அதில் வருடம் அநேகமாக இருக்காது. "வெள்ளி 14.10." என்று மட்டும் அச்சிட்டிருக்கிறது என்று வையுங்கள். 1980களிலும் 90களிலும் அக்டோபர் 14 வெள்ளியன்று வந்த வருடங்கள் 1983, 1988, 1994. அடுத்து முகவரியைப் பாருங்கள். ஜெர்மனி 1993 ஜூலை 1 அன்று நான்கு இலக்க அஞ்சல் எண்ணை ஐந்து இலக்கமாக்கியது. முகவரி "1000 பெர்லின் 36" என்று இருந்தால் 1994 கழிந்துவிடும். 10999 என்று இருந்தால் 1994 மட்டுமே மிஞ்சும். எண்ணுக்கு முன்னால் மேற்கைக் குறிக்கும் டபிள்யூ எழுத்து இருந்தால் அது இரு ஜெர்மனிகளின் இணைப்புக்குப் பிறகும் புதிய எண்ணுக்கு முன்பும், அதாவது 1990க்கும் 1993க்கும் நடுவில் அச்சானது. அப்போது கிழமையைத் தவறாகப் போட்டிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும், கையால் ஒட்டி நகலெடுத்த தாள்களில் அது நடப்பதுதான். 83க்கும் 88க்கும் நடுவில் தீர்மானிக்க, அதே தாளில் உள்ள மற்றக் குழுக்களின் பெயரை எடுத்து, அவை எப்போது தொடங்கின, எப்போது கலைந்தன என்று பாருங்கள். நீங்கள் படித்த குறிப்பில் துண்டறிக்கைப் படம் இருந்தால் அதில் உள்ள கிழமை, தேதி, அஞ்சல் எண், குழுக்களின் பெயர்கள் நான்கையும் கீழே எழுதுங்கள், சேர்ந்து பார்த்துவிடலாம்.